நம் பிள்ளை எந்த ஊர்ப் பிள்ளை?

மே மாதம் பிறந்துவிட்டால் நம் குடியிருப்புகளில் ஒரே பேச்சுத்தான். லாலாகுடாவிலும் போலாரத்திலும், ராமச்சந்திராபுரத்திலும் பட்டான்செருவிலும், பன்னிரண்டாவது முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் காதில் விழுகிற கேள்வி இதுதான்: "பையனை உஸ்மானியாவில் சேர்ப்பதா, ஜே.என்.டி.யு.வில் சேர்ப்பதா, ஊருக்கு அனுப்பி அண்ணா பல்கலைக்கழகத்தில் போடுவதா?" பக்கத்து வீட்டார் ஒன்று சொல்வார். மேஸ்திரி ஒன்று சொல்வார். அமீர்பேட்டை விளம்பரப் பலகை ஒன்று சொல்லும். கைபேசியில் கூப்பிடுகிற தரகனோ எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, தான் சொல்லும் கல்லூரியே கல்லூரி என்று சத்தியம் செய்வான்.

உழைக்கும் குடும்பங்களின் பெற்றோர்களே! இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நான்கு ஆண்டு தாமதமாகக் கேட்கிறோம் என்று சொல்கிறோம். சொந்த மாநிலத்திலேயே பிறந்து, வளர்ந்து, படித்த பிள்ளைக்கு மே மாதத்தில் கல்லூரி தேடினால் போதும். பிழைப்புக்காக மாநிலம் கடந்து வந்தவன் பிள்ளைக்கு அது போதாது. "எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?" என்பதற்கு முன்பாக அவன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அரசாங்கத்தின் ஏட்டில் நம் பிள்ளை எந்த ஊர்ப் பிள்ளை? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில், 95 மார்க் வாங்கிய பிள்ளையும் திரிசங்குவைப் போல இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் தொங்குகிறது.

தமிழன் என்பதாலா தள்ளினார்கள்?

நம்மில் சிலர் ஒரு குறை சொல்வதுண்டு. "நாம் தமிழர்கள், அதனால் இங்கே நம் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்" என்பது அவர்கள் வாதம். டீக்கடையிலும் சொல்கிறார்கள், நம் சங்கக் கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்கிறார்கள். கேட்பதற்கு உணர்ச்சியாக இருக்கிறது. ஆனால் உண்மை அப்படியில்லை. உண்மை இல்லாத குறையைப் பிடித்துக்கொண்டு அழுகிறவன், உண்மையான குறையைக் கோட்டை விடுவான்.

வரலாற்றைப் பாருங்கள். நிஜாம் காலத்திலிருந்தே இந்த மண்ணில் முல்கி விதி என்று ஒன்று இருந்தது. 15 ஆண்டு இங்கே குடியிருந்தவனுக்கே அரசு வேலை என்பது அதன் சாரம். 1956-இல் ஆந்திரப் பிரதேசம் உருவானபோது தெலங்கானா மக்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதிகள் காற்றில் பறந்தன என்று 1969-இல் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. முல்கி விதி செல்லும் என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், கடலோர ஆந்திராவில் எதிர்க் கிளர்ச்சி வெடித்தது. இரண்டு கிளர்ச்சிகளுக்கும் நடுவில் பிறந்ததுதான் 1973-ஆம் ஆண்டின் ஆறு அம்சத் திட்டம். அதன் வழியே அரசியல் சட்டத்தில் 371-டி பிரிவு நுழைந்தது. அதன் கீழ் 1974-இல் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று வந்தது. கல்லூரி இடங்களில் 100-க்கு 85 உள்ளூர் மாணவர்களுக்கு என்று சொல்வது அந்த ஆணைதான்.

யார் அந்த உள்ளூர் மாணவர்? இங்கேதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஆணை தாய்மொழியைக் கேட்கவில்லை. பாட்டன் பிறந்த கிராமத்தைக் கேட்கவில்லை. வீட்டில் சாம்பார் வைக்கிறாயா, பப்பு வைக்கிறாயா என்று கேட்கவில்லை. தகுதித் தேர்வை முதன்முதலாக எழுதுகிற ஆண்டோடு முடிகிற நான்கு கல்வியாண்டுகள் தொடர்ச்சியாக இந்தப் பகுதியில் படித்தாயா என்று மட்டுமே கேட்கிறது. அதாவது ஒன்பது, பத்து, இண்டர்மீடியட் முதலாண்டு, இரண்டாமாண்டு. இந்த நான்கையும் ஐதராபாத்தில் படித்த தமிழ்ப் பிள்ளை சட்டத்தின் கண்ணில் உள்ளூர்ப் பிள்ளை. 85-இல் பங்கு கேட்க அதற்கு முழு உரிமை உண்டு.

எதிர்ப்புறமும் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகத் தெலங்கானாவில் வேரூன்றிய தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை, கடைசி இரண்டாண்டு விஜயவாடாவில் போய்ப் படித்தால் அந்த விதி அதையும் வெளியே நிறுத்துகிறது. இதே நான்காண்டு விதியை மருத்துவப் படிப்புக்குத் தெலங்கானா அரசு வைத்ததை எதிர்த்து வழக்கு நடந்தது. விதி செல்லும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இந்த விதி நாளைக்கே போய்விடும் என்று இலவு காத்த கிளியாக இருக்க வேண்டாம். நம் மொழிக்கு எதிரான விதியும் அல்ல இது. தெலங்கானாவின் உழைக்கும் மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகப் போராடிப் பெற்ற பாதுகாப்பு. அதே பாதுகாப்பில் நம் பிள்ளைக்கும் இடம் இருக்கிறது. அந்த இடத்தை நம் கையாலேயே அழித்துக்கொள்கிறோம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சங்கிலியை அறுப்பவர் யார்?

எப்படி அழிக்கிறோம்? நம் குடும்பங்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். பிள்ளை எட்டாவது வரை இங்கே ஒரு தெருமுனைப் பள்ளியில் படிக்கிறது. வேலைத்தளம் மாறுகிறது, வாடகை ஏறுகிறது, வீட்டில் ஒரு நோய் வருகிறது. "பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிடுவோம், ஊரில் செலவும் குறைவு, தமிழும் படிக்கும்" என்று விழுப்புரத்துக்கோ தருமபுரிக்கோ பஸ் ஏற்றிவிடுகிறோம். இரண்டாண்டு கழித்துப் பாட்டிக்கு முடியவில்லை என்றதும் இண்டர்மீடியட்டுக்குத் திரும்ப இங்கே கூட்டி வருகிறோம். அம்மா அப்பா கண்ணில் இது பாசம். சட்டத்தின் கண்ணில் இது அறுந்த சங்கிலி. ஒன்பதாவதும் பத்தாவதும் அங்கே, பதினொன்றும் பன்னிரண்டும் இங்கே என்றால் தொடர்ச்சியான நான்காண்டு எங்கேயும் இல்லை.

மொழிப் பாடத்திலும் பிள்ளை அடிபடுகிறது. தெலங்கானாவில் பள்ளிகளில் தெலுங்கு கட்டாயம் என்று 2018-இல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் என்று 2006-லேயே சட்டம் வந்தது. இரண்டும் அந்தந்த மண்ணின் நியாயமான சட்டங்கள்தாம். ஆனால் நடுவில் பந்தாடப்படுகிற பிள்ளை எட்டாவது வரை தெலுங்கு எழுதிவிட்டு, பத்தாவதில் திடீரென்று தமிழ்ச் செய்யுளோடு மல்லுக்கு நிற்கிறது. கணக்கில் புலியாக இருக்கிற பிள்ளை மொழித்தாளில் தட்டுத் தடுமாறுகிறது. தமிழ்ப் பற்றுக்காகப் பிள்ளையை ஊருக்கு அனுப்பத் தேவையில்லை. தமிழ் சொல்லிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, சங்கக் கட்டிடம் இருக்கிறது, நாம் இருக்கிறோம்.

மிச்சமிருக்கிற 15 இடங்களின் கதை என்ன? 2014-இல் மாநிலம் பிரிந்த பிறகும் பத்தாண்டு காலம் இரண்டு தெலுங்கு மாநிலங்களுக்கும் பொதுவான சேர்க்கை முறை தொடர்ந்தது. 2024 ஜூன் 2-ஆம் நாளோடு அது முடிந்தது. 2025-இல் தெலங்கானா அரசு அந்த 15 விழுக்காட்டுக்குப் புதிய வேலி போட்டது. உள்ளூர் மாணவர்கள் அதிலும் போட்டியிடலாம். அவர்களோடு, இந்த மாநிலத்தில் பத்தாண்டு வசித்தவர்களும், பத்தாண்டு வசித்த தாய் அல்லது தந்தையின் பிள்ளைகளும், அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்களின் பிள்ளைகளும் போட்டியிடலாம். ஆகவே பிள்ளை ஊரில் படித்துவிட்டது என்றாலும், பெற்றோர் இங்கே பத்தாண்டு குடியிருந்ததற்குக் காகிதம் இருந்தால் ஒரு சந்து திறந்திருக்கிறது. ரயில்வேயிலும் பி.எச்.இ.எல்.லிலும் வேலை செய்கிறவனுக்கு அந்தக் காகிதம் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும். ஆனால் கட்டிடத் தொழிலாளிக்கு? இஸ்திரி வண்டிக்காரருக்கு? ஒப்பந்தக்காரன் பெயரில் வேலை, வேறொருவர் பெயரில் வாடகைச் சீட்டு, ஊர் முகவரியில் ரேஷன் கார்டு. பத்தாண்டாக இந்த நகரத்தின் மாடிகளைக் கட்டியவனால் பத்தாண்டு இங்கே இருந்தேன் என்று நிரூபிக்க முடியவில்லை. இது சட்டத்தின் குற்றம் மட்டுமில்லை. காகிதம் சேர்க்காத நம் குற்றமும், காகிதம் கொடுக்காத ஒப்பந்தக்காரனின் குற்றமும் இதில் இருக்கிறது.

ஊர்க் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது?

"இங்கே இல்லாவிட்டால் என்ன, தமிழ்நாடு நம் சொந்த வீடு" என்போர் உண்டு. சொந்த வீடுதான். ஆனால் சொந்த வீட்டுக் கதவுக்கும் பூட்டு உண்டு. எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டிலேயே படித்த பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளை இருப்பிடச் சான்றிதழ், அதாவது நாம் நேட்டிவிட்டி என்கிறோமே, அதைக் காட்ட வேண்டும். சாதிச் சான்றிதழும் தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்ததாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் கையில் இருந்தால், ஐதராபாத்தில் படித்த பிள்ளையும் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டின் கீழ் போட்டியிடலாம். இந்த உண்மையைத் தெரியாமலே எத்தனை குடும்பங்கள் விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுகின்றன!

இரண்டு மாநிலத்துக்கும் இடையே உள்ள பெரிய வேற்றுமை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இது முக்கியம். தெலங்கானாவில் இடத்தைத் தீர்மானிப்பது நுழைவுத் தேர்வு. 1986-இல் எம்செட் என்று தொடங்கி, 2024 முதல் இ.ஏ.பி.செட் என்று பெயர் மாறிய தேர்வு. மூன்று மணி நேரம், 160 கேள்விகள். இண்டர்மீடியட் மார்க்குக்கு ஒரு காலத்தில் கால் பங்கு மதிப்பு இருந்தது. இப்போது தெலங்கானாவில் அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 1984-இல் கொண்டுவரப்பட்ட நுழைவுத் தேர்வை, கிராமத்துப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் பின்தங்குகிறது என்று சொல்லி 2007-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அங்கே பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிட்டு வரிசை போடுகிறார்கள்.

இதன் பொருள் என்ன? லட்ச ரூபாய் பயிற்சிக் கட்டணம் கட்ட முடியாத வீட்டில், பாடத்தை ஒழுங்காகப் படித்து மார்க் வாங்குகிற பிள்ளைக்கு ஊர்ப் பக்கம் கூடுதல் நியாயம் கிடைக்கும். கேள்வியைக் கண்டதும் சட்டென்று விடை போடுகிற, பயிற்சியும் பெற்ற பிள்ளைக்கு இந்த ஊர்த் தேர்வு கைகொடுக்கும். உங்கள் பிள்ளை எந்த வகை என்று பிள்ளையைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு விண்ணப்பக் கட்டணம் ஒரு சினிமாச் செலவுதான்.

ஆனால் சொந்த வீட்டில் ஒரு அறை நமக்கு முற்றாகப் பூட்டிக் கிடக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலிலும் உண்டு. நல்ல சட்டம், வரவேற்கிறோம். ஆனால் ஐதராபாத்தில் அரசுப் பள்ளியில் படித்த தமிழ்த் தொழிலாளியின் பிள்ளை? அதே வறுமை, அதே ஓட்டை பெஞ்சு, அதே கூலிக்காரத் தகப்பன். மாநில எல்லையைத் தாண்டியதால் அந்த ஏழ்மை ஏழ்மையில்லாமல் போயிற்றா? பஞ்சம் பிழைக்கப் போனவன் அனுப்பிய மணியார்டரில் வாழ்ந்த கிராமங்களைக் கொண்ட மாநிலம், அவன் பிள்ளையை மட்டும் மறந்துவிடலாமா?

எல்லைக் கோட்டில் நிற்கும் சாதிச் சுவர்

இனி, நம்மில் மிகவும் ஒடுக்கப்பட்டவர்களின் நிலையைச் சொல்ல வேண்டும். இதை வெளிப்படையாகப் பேசச் சங்கங்களே கூசுகின்றன. நாம் பேசுவோம்.

ஊரில் ஆதிதிராவிடர் என்று சேரியில் ஒதுக்கப்பட்டவன் ரயிலேறிச் செகந்திராபாத்தில் இறங்கினால், சாதி அவனைவிட்டு இறங்கிவிடுவதில்லை. வாடகை வீடு கேட்கும்போது கூடவே வருகிறது. ஆனால் கல்லூரியில் இட ஒதுக்கீடு கேட்கும்போது மட்டும், "உன் சாதி உன் மாநிலத்தில்தான் செல்லும்" என்கிறது சட்டம். இதற்கான தீர்ப்பு 1990-இல் வந்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் யார் தெரியுமா? ஆந்திரத்தில் பிறந்த பழங்குடிப் பிள்ளை. தகப்பனுக்குப் பம்பாயில் பொதுத்துறை நிறுவன வேலை. பம்பாய் மருத்துவக் கல்லூரியில் பழங்குடி ஒதுக்கீட்டில் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. ஒரு மாநிலத்துப் பட்டியலில் உள்ளவர் இன்னொரு மாநிலத்துக்குப் பிழைக்கப் போனால் அங்கே அந்தச் சலுகையை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018-இல் அரசியல் சாசன அமர்வும் அந்த நிலையையே உறுதி செய்தது. தமிழன் இங்கே படும் பாட்டைத்தான் தெலுங்கன் பம்பாயில் பட்டான். புலம்பெயர்ந்தவன் எந்த மொழி பேசினாலும் அவனுக்கு ஒரே கதிதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

விளைவு என்ன? நான்காண்டு இங்கே படித்து உள்ளூர் என்று பெயர் பெற்ற தலித் பிள்ளையும் தெலங்கானாவில் பொதுப் பிரிவில் நின்று போட்டியிட வேண்டும். அந்தப் பிரிவுக்கு உரிய முழுக் கட்டணச் சலுகையும் கை நழுவுகிறது. இதற்கு மாற்று வழிகள் இரண்டு உண்டு. இரண்டையும் ஒவ்வொரு குடும்பமும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஒன்று, மத்தியக் கல்வி நிறுவனங்கள். ஐ.ஐ.டி.க்களிலும் என்.ஐ.டி.க்களிலும் பூர்வீக மாநிலத்துச் சாதிச் சான்றிதழ் செல்லும். மத்திய அரசு கேட்கும் படிவத்தில் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதோடு என்.ஐ.டி.க்களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தவருக்கு. எந்த மாநிலத்தவர் என்பதை அங்கே பன்னிரண்டாவது தேர்ச்சி பெற்ற மாநிலத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஆகவே இங்கே இண்டர்மீடியட் முடித்த தமிழ்ப் பிள்ளைக்கு 1959-இல் நேரு அடிக்கல் நாட்டிய வாரங்கல் கல்லூரியில் மாநில ஒதுக்கீடும் உண்டு, தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழும் செல்லும். இரண்டும் ஒன்றாகச் சேர்கிற இடம் அது.

இரண்டு, பழைய குடும்பங்கள். செகந்திராபாத் கண்டோன்மெண்டிலும் ரயில்வேயிலும் வெள்ளைக்காரன் காலத்திலேயே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே பல. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஆணை வெளிவந்த 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாளுக்கு முன்பே குடும்பம் இங்கே நிலையாக வசித்தது என்று நிரூபித்து, அந்தச் சாதி இந்த மாநிலப் பட்டியலிலும் இருந்தால், இந்த மாநிலத்தவராகவே சான்றிதழ் கேட்க வழி உண்டு. தாத்தாவின் பள்ளிச் சான்று, ஓய்வூதியப் புத்தகம், பழைய வரி ரசீது என்று பரணில் கிடக்கும் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கரையான் அரித்துக்கொண்டிருப்பது பேரப்பிள்ளையின் கல்லூரி இடமாக இருக்கலாம்.

பெயர்ப் பலகையும் பல்கலைக்கழகமும்

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்வி வருகிறது. இங்கேயும் நம்மை ஏமாற்றக் காத்திருப்பவர்கள் ஏராளம்.

கல்லூரி வாசலில் ஜே.என்.டி.யு. என்று ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும். "இணைக்கப்பட்டது" என்ற சொல் எறும்பு அளவில் கீழே இருக்கும். 1972-இல் தோன்றிய அந்தப் பல்கலைக்கழகம் கூகட்பள்ளியில் தானே நடத்துகிற கல்லூரி ஒன்று. அதனோடு இணைந்த தனியார் கல்லூரிகள் எத்தனையோ. உஸ்மானியாவும் அப்படியே. 1929-இல் தொடங்கிய அதன் சொந்தப் பொறியியல் கல்லூரி வேறு, அதன் பெயரில் பட்டம் வாங்கித் தரும் தனியார் கல்லூரி வேறு. அண்ணா பல்கலைக்கழகம் என்றால் கிண்டியும் ஏ.சி. கல்லூரியும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் ஒரு ரகம், நானூறுக்கும் மேற்பட்ட இணைப்புக் கல்லூரிகள் இன்னொரு ரகம். பட்டத்தாளில் ஒரே முத்திரை இருக்கலாம். பாடம் நடத்துகிற ஆசிரியரும், இயந்திரம் ஓடுகிற ஆய்வுக்கூடமும் ஒன்றாக இருக்காது.

ஆகவே நம் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அரசும் பல்கலைக்கழகமும் நேரடியாக நடத்துகிற கல்லூரிகள். தமிழ்நாட்டில் கோவை, சேலம், காரைக்குடி, திருநெல்வேலி அரசுக் கல்லூரிகளை நம்மவர்கள் மறந்தே போகிறார்கள். கட்டணம் குறைவு, ஊரும் பக்கம். அடுத்து, நல்ல பெயருள்ள தனியார் கல்லூரிகளில் அரசுக் கலந்தாய்வு வழியே கிடைக்கும் இடம். தெலங்கானாவில் 70 விழுக்காடு இடம் கன்வீனர் ஒதுக்கீட்டில் நிரப்பப்படுகிறது. எந்தப் பாடப்பிரிவில் சேர்க்கிறீர்களோ, அந்தப் பிரிவுக்கே என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு இருப்பது பிரிவுக்கு இருப்பதாகாது. கடைசியில்தான் நிர்வாக ஒதுக்கீடும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமும், தனியார் பல்கலைக்கழகமும். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் அங்கே அரசுக் கலந்தாய்வின் கட்டணப் பாதுகாப்பு நமக்குக் கிடைக்காது. நிலத்தை விற்று, தாலிச் சங்கிலியை அடகு வைத்து, கந்துவட்டிக்கு வாங்கிச் சேர்க்கிற இடமாக அது ஆகிவிடக் கூடாது.

கட்டணச் சலுகை பற்றியும் கனவு காணாதீர்கள். 2008-இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் வந்த கட்டணத் திருப்பித் தரும் திட்டம் தெலங்கானாவிலும் தொடர்கிறது. வருமான வரம்புக்குள் வரும் பிற்படுத்தப்பட்ட, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வில் 10,000 ரேங்குக்குள் வந்தால் முழுக் கட்டணம், பின்னால் போனால் 35,000 ரூபாய் என்பது அதன் நடைமுறை. மீதியை நாம்தான் கட்ட வேண்டும். அரசாங்கம் நிலுவை வைத்தால் கல்லூரி பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கிறது. நிலுவை கேட்டுத் தனியார் கல்லூரிகளே 2025 நவம்பரில் கதவடைத்தன. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பிள்ளையின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. கேட்டுப் பெறுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் சங்கத்தோடு போய்க் கேளுங்கள்.

"எங்கள் கல்லூரியில் 100-க்கு 100 வேலை" என்கிறானே தரகன், அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அப்படியானால் அமீர்பேட்டைத் தெருக்களில் பட்டத்தைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, கணினிப் பயிற்சிக்கு மறுபடியும் பணம் கட்ட வரிசையில் நிற்கிற பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? நான்காண்டு லட்சம் லட்சமாகக் கொட்டியும் கல்லூரி சொல்லித் தராததைக் கற்கத்தானே அங்கே நிற்கிறார்கள்? எந்த அரசுக் கலந்தாய்விலும் தரகனுக்கு இடமில்லை. அவன் வாங்கித் தருகிற சீட்டு, நேரே போனால் நமக்கே கிடைக்கிற சீட்டு. அவன் கமிஷன் நம் முதுகில் ஏறுகிறது.

பத்தாவதோடு வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று எண்ணுகிற வீடுகளுக்கும் ஒரு சொல். பத்தாவது முடித்ததும் பாலிசெட் எழுதி மூன்றாண்டு டிப்ளமோ படிக்கலாம். பிறகு இசெட் எழுதிப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். நடுவில் வறுமை வந்து படிப்பை நிறுத்தினாலும் கையில் ஒரு தொழில் நிற்கும். நம் வீடுகளுக்கு இது சுற்றுவழி போலத் தெரிந்தாலும், விழுந்தால் அடிபடாத வழி.

இன்னொன்று. மகனுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிவிட்டு, அவனைவிட நல்ல மார்க் வாங்கிய மகளைப் பக்கத்துக் கல்லூரியில் ஏதோ ஒரு டிகிரியில் தள்ளுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மாநிலம் நம் பிள்ளைக்குப் பாகுபாடு காட்டுகிறது என்று கொடி பிடிக்கிறவன், தன் வீட்டுக்குள்ளேயே பாகுபாடு காட்டினால் அந்தக் கொடிக்கு என்ன மதிப்பு?

செய்ய வேண்டியது

குடும்பங்களுக்குச் சொல்கிறோம். பிள்ளை எட்டாவது முடிக்கும் அன்று உட்கார்ந்து முடிவெடுங்கள். இங்கேயா, ஊரிலேயா? முடிவெடுத்தபின் பன்னிரண்டாவது வரை பிள்ளையை இடம் மாற்றாதீர்கள். ஒவ்வோராண்டும் பள்ளியிலிருந்து படிப்புச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். பள்ளி மூடிவிட்டால் அது கிடைக்காது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது திருவிழா பார்த்துவிட்டு மட்டும் திரும்பாமல், இருப்பிடச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் மனுப் போட்டுவிட்டு வாருங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் படித்தவரிடம் கேட்டுத் தெளியுங்கள்.

சங்கங்களுக்குச் சொல்கிறோம். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம். மகிழ்ச்சி. அதே பந்தலில் ஒரு மேசை போட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் காகிதங்களைச் சரிபார்க்க இரண்டு பேரை உட்கார வைத்தால் என்ன? ரயில்வேயிலும் வங்கியிலும் ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம்மிடம் இல்லையா?

தமிழ்நாட்டு அரசுக்குச் சொல்கிறோம். வெளிமாநில அரசுப் பள்ளிகளில் படித்த தமிழ்நாட்டுத் தொழிலாளர் பிள்ளைகளையும் 7.5 விழுக்காட்டுச் சலுகைக்குள் கொண்டுவாருங்கள். சான்றிதழுக்காக ஒரு வாரக் கூலியை இழந்து தாலுகா அலுவலகத்துக்கு அலையும் கொடுமையைத் தீருங்கள்.

தெலங்கானா அரசுக்குச் சொல்கிறோம். பத்தாண்டு வசித்ததற்குச் சான்றாகக் கட்டிடத் தொழிலாளர் நல வாரிய அட்டையையும், பிள்ளையின் பள்ளிப் பதிவேட்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மத்திய அரசுக்குச் சொல்கிறோம். மாநில எல்லை கடந்தாலும் தீண்டாமை கூடவே வருகிறது என்றால், அதற்கான பாதுகாப்பும் கூடவே வர வேண்டும். நீதிமன்றம் சொன்னதை மாற்ற நாடாளுமன்றத்துக்கு வழி உண்டு.

இந்த நகரத்தின் ரயில் பாதையிலும், ஆலைகளிலும், அடுக்குமாடிகளிலும் நம் வியர்வை இருக்கிறது. அந்த வியர்வையை எந்த ஊர் வியர்வை என்று யாரும் கேட்கவில்லை. நம் பிள்ளையைக் கேட்கிறார்கள். கேட்கட்டும். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போய் நிற்போம். பதில் இல்லாத பிள்ளைகளுக்காக ஒன்றுசேர்ந்து போராடுவோம். அடுத்த மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் எட்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால், இன்று இரவே அந்தத் தகரப் பெட்டியைத் திறங்கள்!